போட்டது யாருன்னு சொல்லாதீக

புதிதாகப் போட்ட சிமெண்ட் தளத்தைப் பார்த்துச் சொல்ல அக்காவைக் கூப்பிட்டால், வாசலிலேயே நின்று இரண்டு நிபந்தனை போடுவாள். தளம் போட்ட கொத்தனார் அங்கே நிற்கக் கூடாது. அவன் யாரென்று யாரும் அவளிடம் சொல்லவும் கூடாது.

"போட்டது யாருன்னு சொல்லாதீக. சொன்னா இப்பிடியே திரும்பிப் போயிருவேன்" என்பாள்.

விவரம் தெரியாதவர்கள், ரொம்பத்தான் கிராக்கி பண்ணுகிறாள் என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த நிபந்தனைக்குக் காரணமான நாளில் நானும் அங்கே நின்றிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, வாயையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி சோழவந்தான் பக்கம் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனேன். மாமனாருக்கு அரிசி ஆலை. ஆலைக்குப் பின்னால் நெல் காயவைக்கிற சிமெண்ட் களம், ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு இருக்கும். காலையில் அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பியதும் பத்துப் பெண்கள் வெறுங்காலோடு வரிசையாக நடப்பார்கள். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் நெல் இரண்டு பக்கமும் விலகி, அடிநெல் மேலே வரும். நாள் முழுக்க அதே நடைதான். அந்தப் பத்துப் பேரில் முன்னால் நடப்பவள் அக்கா. அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கலாம். பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மாமனார் 'ஆத்தா' என்பார், மற்றவர்கள் எல்லாம் 'அக்கா' என்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

அவளிடம் நல்ல ஒரு ஜோடி செருப்பு இருந்தது. அதைக் கையில்தான் வைத்திருப்பாள். முள்ளுக்காட்டிலும் தார் ரோட்டிலும் மட்டும் போட்டுக்கொள்வாள். தரை என்று ஒன்று வந்துவிட்டால் கழற்றிவிடுவாள். கல்யாண வீட்டில் பந்தி போடுவதற்குள் மண்டபத்துத் தரையை ஒரு சுற்று நடந்து வந்துவிடுவாள். "சமையக்கட்டுப் பக்கம் ஒரு எடத்துல பள்ளம், சாம்பார் வாளி தூக்குறவன் விழப் போறான்" என்று முன்பின் தெரியாத பெண்வீட்டாரிடம் போய்ச் சொல்வாள். ஒருமுறை பேங்குக்கு என்னோடு துணைக்கு வந்தவள், வராந்தாவில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாட்ச்மேன் அவளுக்குச் சேற்றுப்புண் என்று நினைத்து மருந்துக்கடைக்கு வழி சொன்னார்.

நான் பசுமலையில் தங்கிப் படித்தவள். இயற்பியல் பட்டம். உராய்வைப் பற்றி ஐந்து பக்கம் கேட்டாலும் எழுதுவேன். அந்த மிதப்பில் ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, காலுல அப்பிடி என்னதான் தெரியுது?"

"கொழம்புல உப்பு பத்தலன்னா உனக்கு நாக்குல என்ன தெரியுது தாயி? அதேதேன்."

ஐந்து பக்கத்தில் இது வராது. விடாமல் துருவியதில் இன்னும் கொஞ்சம் சொன்னாள். தளம் வழுவழு என்று இருந்தால் ஈரநெல் ஒட்டிக்கொள்ளும், கிளறுகிறவள் வழுக்குவாள். சொரசொரப்பாக இருந்தால் நெல்லு உரசி, அரைக்கும்போது அரிசி நொறுங்கும், பாதமும் தேய்ந்துபோகும். "நெல்லு ஓடணும், காலு நிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. அந்த எடந்தேன் வேணும்."

மாமனார் அவளை நம்ப ஆரம்பித்ததே ஒரு குளியலறையால்தான். மதுரைக்குப் போய்ப் பளபளக்கிற டைல்ஸ் வாங்கிவந்து போட்டு, ஊரையே கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா பெருவிரலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இது பாக்குறதுக்குப் போட்டதா, குளிக்கிறதுக்குப் போட்டதா?" என்று கேட்டாள். மாமா சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனவர், ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விழுந்ததாக அவர் வாயால் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எங்கே சிமெண்ட் பூசினாலும், "ஆத்தாளக் கூப்பிடு, நடந்து பாக்கட்டும்" என்பார்.

அவள் நடந்து பார்ப்பதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. மூலையில் தொடங்குவாள். ஒரு பாதத்தை இழுப்பாள், நிற்பாள், மறு பாதத்தை இழுப்பாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். பிறகு ஒரு கைப்பிடி நெல்லைத் தூவி, அதன்மேல் பாதத்தை இழுத்துச் சத்தம் கேட்பாள். எல்லாம் முடிந்ததும் பக்கத்தில் இருக்கிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, மற்ற பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாள். முள் எடுக்கப் போகிறாள் என்று நினைக்கத் தோன்றும். தளத்தைப் பற்றிய முடிவு அந்தப் பாதத்தில்தான் இருக்கும்.

நான் போன இரண்டாம் வருஷம் மாமா களத்தைக் கிழக்குப் பக்கம் பெரிதாக்கினார். அந்த வேலை அக்காவின் மருமகனுக்குக் கிடைத்தது. அவன் கொத்தனார். அதுவரை வேறொருவர் கீழே வேலை பார்த்தவன், தனியாக எடுத்துச் செய்கிற முதல் வேலை அதுதான். அக்காவின் மகளைக் கட்டி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. களம் நன்றாக அமைந்தால் அடுத்து நெல் கிட்டங்கி கட்டுகிற வேலையும் அவனுக்கே என்று மாமா சொல்லிவைத்திருந்தார். அமையாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முதல் வேலையிலேயே தளத்தைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கிவிட்டால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் கரண்டியைத் தொட முடியாது.

மாமா மட்டும் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து ஊர் ஆலைக்காரர் களம் போட்டிருந்தார். அது வெயிலில் மினுங்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்து, "மாப்ள, நம்ம களம் கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி மினுங்கணும்" என்று அவனிடம் சொல்லிவிட்டார். அவனும் தலையாட்டினான். முதலாளி சொன்னால் ஆட்டாமல் என்ன செய்வான்?

கான்கிரீட் கொட்டிய சாயங்காலம் நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மட்டம் பண்ணி முடித்த தளத்தின்மேல் தண்ணீர் மெல்லியதாக ஊறி நின்றது. அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மினுக்கமும் வேண்டும். ஒரு சட்டி நிறைய வெறும் சிமெண்டை எடுத்து, திருநீறு தூவுகிற மாதிரி ஈரத்தின்மேல் தூவி, இரும்புக் கரண்டியால் தேய்த்து விட்டான். தேய்க்கத் தேய்க்கத் தளம் மினுங்கியது. அழகாக இருக்கிறதே என்று நானும் நினைத்தேன்.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, நாள் கணக்கு முடிந்து, காயவிட்டு, அக்காவைக் கூப்பிட்டார்கள். ஆலையே வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. மருமகன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் மகள் நின்றாள், மாசமாக இருந்தாள். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தூணோரம்.

அக்கா நடந்தாள். வழக்கம்போல மூலையில் தொடங்கினாள். நாலைந்து அடி வைத்ததும் நின்றாள். மறுபடி அதே இடத்தில் பாதத்தை இழுத்தாள். தண்ணீர் ஊற்றினாள், அது சரியாகத்தான் ஓடியது. நெல்லைத் தூவி இழுத்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு தலையைத் தூக்கி மருமகன் நின்ற பக்கம் பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் பாதியில் தலையைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

தூணோரம் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பினாள். பாதம் வெள்ளையாக இருந்தது. கோலமாவை மிதித்த கால் போல, விரல் இடுக்கெல்லாம் மாவு. தளத்தின் மேல்தோல் பொடியாக உதிர்கிறது. அவள் ஒன்றும் நடக்காத மாதிரி அந்தப் பாதத்தைச் சேலைக் கரையில் தேய்த்துத் துடைத்தாள். ஊதா நிறச் சேலை. கரையில் வெள்ளையாக ஒரு தீற்றல் விழுந்தது. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நல்லாருக்கு மொதலாளி" என்றாள்.

மாமா தொடையைத் தட்டினார். மருமகன் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். புது மருமகள், ஆம்பளைகள் கூட்டம், எனக்கென்ன தெரியும் சிமெண்டைப் பற்றி, இப்படி. நிஜம் என்னவென்றால் அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அறுவடை வந்தது. அப்போதுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். அக்கா புதுக் களத்தை வேறு யாருக்கும் விடுவதில்லை. "கெழக்குப் பக்கம் நான் பாத்துக்கிறேன், நீங்க பழசப் பாருங்கடி" என்று மற்றவர்களைத் தள்ளிவிடுவாள். "மருமகன் போட்ட களம்னு பட்டா போட்டுக்கிட்டா" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் வந்து, தென்னந்துடைப்பத்தால் புதுக் களத்தைக் கூட்டுவாள்; குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். மாமா பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, "எம்புட்டு அக்கறை பாத்தியா?" என்று என்னிடம் சொல்வார். ம் என்பேன். எவ்வளவு கழுவினாலும் மறுநாள் மறுபடி பொடி வரும். கழுவ வேண்டியது மேலே இல்லை, தளத்துக்குள்ளேயே இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் தினமும் கழுவினாள்.

ஒருநாள் கூலி வாங்க வந்தவளின் குதிகாலைப் பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாதம் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது.

"அக்கா, இது..."

"வெயிலு தாயி" என்று சொல்லிவிட்டு, முதல்முறையாகக் களத்துக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டாள். நெல் காத்திருக்குமா? பேச்சி என்கிற பெண் புதுக் களத்தில் இறங்கினாள். இருபது வயசுதான் இருக்கும், பால் குடிக்கிற பிள்ளைக்காரி. நான்காம் நாள் பேச்சி தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து, ஒரு பாதத்தைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். வெடிப்பில் ரத்தம் கசிந்தது. அக்கா அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்டு வந்தாள். பேச்சியின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் நேராக வீட்டு வாசலுக்கு வந்தாள். மாமா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, அந்தப் புதுக் களம் சரியில்ல."

"என்னத்தா சொல்ற? நீதான நல்லாருக்குன்ன?"

"ஆமா, நாந்தேன் சொன்னேன்."

"அப்ப உன் காலு பொய் சொல்லிருச்சாக்கும்?" மாமா வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"காலு அன்னைக்கே உண்மையச் சொல்லிருச்சு. வாயிதேன் மாத்திச் சொல்லிருச்சு."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கீழ பாக்க வேண்டியவ மேல பாத்துட்டேன் மொதலாளி. மருமகன் மூஞ்சி தெரிஞ்சுச்சு. பின்னால எம் மக வகுறுந் தெரிஞ்சுச்சு. என் காலுதேன், நானே தாங்கிக்கிறலாம்னு நெனச்சேன். இன்னைக்கிப் பேச்சி காலப் பாத்தேன். அவ எதுக்குத் தாங்கணும்?"

அன்று முழுக்க மாமா கத்தினார். ஆளனுப்பி மருமகனை வரவழைத்தார். "ஏண்டா, தண்ணி ஊறி நிக்கையிலயே சிமெண்டத் தூவுனியா?" என்று கேட்டார். "நீங்கதான மண்டபத்துத் தரை மாதிரி மினுங்கணும்னு சொன்னீக" என்றான் அவன். அதற்குப் பிறகு மாமா கத்தவில்லை. மேல்தோலைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசுவது என்று முடிவானது. நான்கு நாள் வேலை. அக்கா நான்கு நாளும் மருமகனுக்குச் சித்தாளாக நின்று மணல் சுமந்தாள். அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள் கரண்டியைக் கழுவிக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா நானே கொத்திப் போட்டிருப்பேன் அத்தை. ஊரு முன்னால சிரிக்க விட்டுட்டு, இப்பக் காட்டிக் குடுத்தீகளே."

அந்த மாதமே அவன் மகளைக் கூட்டிக்கொண்டு செல்லூர்ப் பக்கம் குடிபோய்விட்டான். பிள்ளை பிறந்ததற்கு அக்காதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் வெளியே போய்விட்டானாம். பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

அப்போது ஒருநாள் அவளிடம் மனசு விட்டுக் கேட்டேன். "நானும் அன்னைக்கு உங்க காலப் பாத்தேன்க்கா. நானும் சொல்லல. மாமாட்ட என்னைய ஏன் சொல்லாம விட்டீங்க?"

"நீ புதுசா வந்த புள்ள. உன் வாயி அப்ப உங்கிட்டயா இருந்துச்சு? என் வாயி எங்கிட்ட இருந்துச்சுல்ல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு நிபந்தனையும் வந்தது. கொத்தனார் தள்ளிப் போகணும், பேர் சொல்லக் கூடாது. நடக்கும்போது முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்ளவும் ஆரம்பித்தாள். தரை மட்டும்தான் தெரியும்.

பத்து வருஷம் கழித்து நாங்கள் கோச்சடையில் வீடு கட்டினோம். பின்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, உட்கார, துணி காயப்போட, வத்தல் போட என்று கான்கிரீட் தளம். வேலைக்கு வந்த கொத்தனாரை என் கணவர்தான் யாரிடமோ விசாரித்துப் பிடித்து வந்தார். பார்த்தால் அவன்தான், அக்காவின் மருமகன். காதோரம் நரை விழுந்து, கீழே ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிறவனாக ஆகியிருந்தான். தளம் போட்ட அன்று தண்ணீர் அடங்கும்வரை ஒரு பீடியைக்கூடப் பற்றவைக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் மரக்கட்டையால் தேய்த்தான். இரும்புக் கரண்டி பையிலேயே கிடந்தது. இதையெல்லாம் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இந்த முறை எதைப் பார்க்கிறேன் என்று தெரிந்தே பார்த்தேன்.

தளம் காய்ந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அம்மா, எங்க அத்தைய ஒருக்கா வந்து நடக்கச் சொல்றீகளா? நாந்தான் போட்டேன்னு சொல்ல வேணாம்."

அக்கா பஸ் ஏறி வந்தாள். செருப்பு கையில் இருந்தது. வாசலிலேயே, "போட்டது யாருன்னு சொல்லாத தாயி" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அவன் சமையலறைக்குள் நின்றிருந்தான்.

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். தண்ணீர் ஊற்றினாள். மடியில் முடிந்து கொண்டுவந்திருந்த நெல்லைத் தூவி இழுத்தாள். கடைசியில் என் தோளைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பினாள். நடந்த ஈரம் மட்டும் இருந்தது.

"நல்லாருக்கு தாயி. அவசரப்படாத ஆளு. தண்ணி அடங்குற மட்டும் ஒக்காந்திருந்துருக்கான். யாரு இவன்?"

அவளாகவே கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்வதற்குள் அவன் வெளியே வந்துவிட்டான்.

அக்கா முந்தானையைத் தள்ளிவிட்டு அவனைப் பார்த்தாள். பத்து வருஷம் பார்க்காத முகம். அழப் போகிறாள் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் போனேன்.

"நீயா போட்ட மாப்ள?"

"ஆமா அத்தை."

"அப்ப இரு. இன்னொருக்கா நடந்து பாத்துட்டு வாரேன்."

மறுபடி முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முதல் மூலைக்குப் போனாள். ஒரு மூலை விடாமல், முன்னைவிட மெதுவாக, அங்குலம் அங்குலமாக நடந்தாள். அவன் அசையாமல் நின்றான். ஒரு தடவைகூட அவள் தலையைத் தூக்கவில்லை. சுற்றி முடித்து வந்து நின்றபோது பக்கத்தில் இருந்தவன் அவன்தான். எங்கள் பக்கம் மாமியார் மருமகனைத் தொடுகிற வழக்கம் கிடையாது. அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, பாதத்தைத் திருப்பினாள்.

"நல்லாருக்கு" என்றாள், பாதத்தைப் பார்த்துக்கொண்டே.